வால் சில்லும் இரண்டு துளி பெற்றோலும்

ஓட்டுநர் பரீட்சைக் காருக்குள் இருந்தபடி மாமி, கையில் இல்லாத ஒரு போத்தலைச் சரித்துக் காட்டிய கணம் எனக்குள் இன்னும் அப்படியே நிற்கிறது. இத்தாலியின் பலெர்மோ நகரில், ஒரேத்தோ ஆற்றுப் பக்கத் தெருவொன்றில், எதிர் நடைபாதையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது பதினைந்து வயது. "போச்சு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

மாமி அப்பாவின் தங்கை. சிஞ்ஞோரா என்று நாங்கள் அழைத்த வயதான இத்தாலியப் பெண்மணி ஒருவரைப் பராமரிப்பது அவரது வேலை. அந்த அம்மா நகரின் ஓரத்துச் சியாகுல்லியில், மாண்டரின் தோட்டங்களுக்கு நடுவே இருந்த மகளின் வீட்டுக்குப் போகத் தீர்மானித்தபோது, இனிக் கார் ஓட்டத் தெரிந்த ஆள்தான் வேண்டுமென்று மகள் சொல்லிவிட்டாள். மாமி ஏற்கெனவே ஒருமுறை பரீட்சையில் தவறியிருந்தார். மறுபடி தவறினால் வேலை வேறொருத்திக்கு.

கேள்விகளைப் படிப்பிக்கும் பொறுப்பு எனக்கு. நானோ விமானப் பைத்தியம். புத்தகத்தைத் திறந்தால் ஐந்து நிமிடத்தில் யாக்-15 என்ற ஜெட் விமானத்துக்குப் போய்விடுவேன். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, சோவியத் பொறியியலாளர்கள் மூக்கில் விசிறி சுழன்ற பழைய போர் விமானத்திலிருந்து பிஸ்டன் எஞ்சினைக் கழற்றி, ஜெர்மனியரிடம் கைப்பற்றியதைப் பார்த்துச் செய்த ஜெட் எஞ்சினை அதே இடத்தில் செருகினார்கள். அதே சிறகு, அதே இருக்கை, அதே வால். என்ன துணிச்சல்! நினைத்தாலே எனக்கு மயிர்க்கூச்செறியும்.

மாமி வெங்காயம் உரித்தபடி கேட்டார்: "மூக்கிலை எஞ்சின் எண்டால் நெருப்புக் காத்து எங்காலை போகும்?"

"விமானம் ஓடுறவரின்ரை காலுக்குக் கீழாலை, பின்னுக்கு."

"அப்ப வால் சில்லு எரியேல்லையோ?"

அதற்காகத்தான் ரப்பர்ச் சக்கரத்தைக் கைவிட்டு இரும்புச் சில்லைப் பூட்டினார்கள். நான் மூன்று நாள் தேடிப் படித்ததை மாமி ஒரு வெங்காயம் உரிப்பதற்குள் கண்டுபிடித்துவிட்டார்.

"உங்களுக்கெப்பிடித் தெரியும்?"

"மோட்டார் சைக்கிள் சைலன்சரிலை சீலை பட்டுக் கருகினவளிட்டைக் கேக்கிறாய்."

பரீட்சை நாளில் கேட்டது சின்னக் கேள்வி: வண்டியை இயக்குமுன் என்ன செய்வீர்கள்? பதற்றத்தில் பாடம் மறந்து, யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஓட்டிய மோட்டார் சைக்கிள்தான் மாமிக்கு ஞாபகம் வந்தது. அப்போது பெற்றோல் கிடையாது. சின்னப் போத்தலில் பொத்திவைத்ததில் இரண்டு துளி கார்புரேற்றருக்குள் விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். அதையே சொல்லிவிட்டார், கையாலும் காட்டிவிட்டார்.

பரீட்சகர் பேனாவைக் கீழே வைத்தார். ஏதேதோ கேட்டார். மாமியின் கைகள் ஓயவில்லை. பிறகு கார் கிளம்பியது. அரை மணி கழித்துத் திரும்பிவந்து, இரண்டு வண்டிகளுக்கு நடுவே உரசாமல் நின்றது. மாமி கையில் லைசென்ஸ் அட்டையோடு இறங்கினார்.

"ஏன் மாமி அதைச் சொன்னனீங்கள்?"

"வாயிலை வந்திட்டுது. பிறகு பெல்ட், கண்ணாடி எல்லாம் ஒழுங்காச் சொன்னன். இந்தக் காருக்குப் போத்தல் தேவையில்லையாம். சிரிச்சவன்."

இப்போது இதே நகரத்தில் பொறியியல் படிக்கிறேன். போன வாரம் அந்த ஜெட் எஞ்சினை எப்படி இயக்கினார்கள் என்று வாசித்தபோது கதிரையை விட்டே எழுந்துவிட்டேன். முதலில் பெற்றோல், எரிந்து சுழலத் தொடங்கியதும் மண்ணெண்ணெய்! உடனே மாமிக்கு அழைத்தேன். காரை ஓரங்கட்டிவிட்டுத்தான் எடுத்தார். யாரென்று சிஞ்ஞோரா விசாரிப்பதும் கேட்டது. மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

"பாவமடா," என்றார் மாமி. "அவங்களுக்கும் தடை போட்டவங்களோ?"