வெளியே போன மாசிலாமணி

தையல்நாயகி தன் கையால் பூட்டின பூட்டையே நம்ப மாட்டாள். வீட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, சைக்கிளில் தெருமுனை வரைக்கும் போய்விட்டு மறுபடி திரும்பி வந்து ஒரு தடவை இழுத்துப் பார்த்தால்தான் தட்டாஞ்சாவடிக்கு வண்டி நகரும். கேஸ் அடுப்பு, தண்ணிக் குழாய், எல்லாத்துக்கும் இதே கதைதான். உழவர்கரையில் அவள் குடியிருந்த தெருவில் இது தெரியாதவர்கள் கிடையாது. புருஷன் இராமதாஸ் டெம்போ ஓட்டுகிறவர். "இவ வண்டியில ஏறினா இறங்கற எடம் வர்றதுக்குள்ள, வீட்டப் பூட்டினோமான்னு நாலு தடவ கேப்பா" என்பார்.

வேலை தட்டாஞ்சாவடியில், மருந்து பாட்டிலுக்கு மூடி செய்கிற ஒரு சின்ன கம்பெனியில். மெஷினிலிருந்து சூடாக விழும் மூடிகளில் பிசிறு இருந்தால் பிளேடால் சீவி, கோணலாக இருப்பதைத் தனியாக ஒதுக்க வேண்டும். கை தன்பாட்டுக்கு வேலை செய்யும். மனசுதான் ஓர் இடத்தில் நிற்காது.

2008-ல் ஊரில் புதிதாகத் தொடங்கிய ஒரு பண்பலை நிலையத்தில், புதன்கிழமை தோறும் சாயங்காலம் ஏழு மணிக்கு 'தூரக்கலம்' என்று ஒரு நாடகம் போட்டார்கள். விண்வெளியில் போகிற கப்பலில் கம்ப்யூட்டரையும் சேர்த்து நாலு பேர், சனி கிரகத்தின் வளையம் வரைக்கும் பயணம். தையல்நாயகி முதல் வாரம் தற்செயலாகத்தான் கேட்டாள். இரண்டாவது வாரத்திலிருந்து ஆறரைக்கெல்லாம் வீட்டுக்குள் இருந்தாக வேண்டும் என்று சைக்கிளை மிதித்தாள்.

படம் இல்லாததுதான் அவளுக்குப் பிடித்தது. சினிமாவில் எல்லாவற்றையும் அவர்களே காட்டிவிடுகிறார்கள். இதில் கப்பலை அவள்தான் கட்டினாள். அதன் நடைபாதை அவள் கம்பெனியின் குடோன் சந்து மாதிரி இருந்தது. ஒரே ஒரு டியூப் லைட், சுவரோரம் குழாய்கள். தளபதி ஆதிரை என்ற பெண் குரல் சத்தமே போடாது. ஒவ்வொரு உத்தரவுக்கும் முன்னால் ஒரு மூச்சு இழுப்பது மட்டும் கேட்கும். அந்த மூச்சிலேயே விஷயம் பெரிசா சின்னதா என்று தையல்நாயகி கண்டுபிடித்துவிடுவாள். கப்பலின் கம்ப்யூட்டருக்கு 'எண்ணி' என்று பேர். பொய் சொல்லத் தெரியாததால், சிக்கலான கேள்விக்கெல்லாம் திருப்பி ஒரு கேள்வி கேட்கும். டாக்டர் ஒருத்தர் இருந்தார், பயந்தாங்கொள்ளி.

நாலாவது ஆள் மெக்கானிக் மாசிலாமணி. எந்த வேலையை ஆரம்பித்தாலும் ஸ்பேனரால் குழாயை இரண்டு தட்டு தட்டிவிட்டுக் காது கொடுப்பார். "ஏம்மா எண்ணி, இது இருமுதா, மூச்சு விடுதா?" என்பார். மற்றவர்கள் பூமியைப் பற்றிப் பேசி ஏங்கும்போது, இவர் மட்டும் வாஷர் தேய்ந்துபோனதைப் பற்றிப் பேசுவார். அவர் ஒருத்தர் இருப்பதால்தான் கப்பல் ஓடுகிறது என்பது தையல்நாயகியின் முடிவு. செய்த வேலையை இரண்டாம் தடவை போய்ப் பார்க்கிற மனுஷன், அவள் அறிந்த வரையில் உலகத்திலேயே இன்னொருத்தர் அவர்தான்.

பதினோராவது வாரம் ஆன்டெனா உடைந்தது. மாசிலாமணி கவசத்தை மாட்டிக்கொண்டு வெளியே போனார். "அஞ்சு நிமிஷம்" என்றார். காற்றுக் கதவு மூடுகிற சத்தம், அப்புறம் ஒன்றுமே இல்லாத சத்தம். நாடகம் அங்கே நின்றது.

பன்னிரண்டாவது வாரம் தொடங்கியபோது கப்பல் வளையத்தின் ஓரத்தை நெருங்கிவிட்டிருந்தது. ஆதிரை பேசினாள், டாக்டர் பேசினார், எண்ணி பேசியது. மாசிலாமணியைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதிமூணாவது வாரத்திலும் இல்லை. குழாய் ஒன்று அடைத்துக்கொண்டபோது டாக்டர் போய்ச் சரி செய்தார்.

"அவரு உள்ள வந்தாரா?" என்று தையல்நாயகி கேட்டாள்.

"எவரு?" சாப்பிட்டுக்கொண்டிருந்த இராமதாஸ் நிமிர்ந்தார்.

"மாசிலாமணி."

"வந்திருப்பாரு. சொல்லாம விட்டிருப்பாங்க."

"வந்திருந்தா அந்த டாக்டர் குழாயில கை வைக்க விடுவாரா? ஒரு வார்த்தை பேசாம இருப்பாரா?"

இராமதாஸ் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

செத்துப்போனார் என்று சொல்லியிருந்தால் அழுதுவிட்டு ஆறியிருப்பாள். இது அப்படி இல்லை. அங்கே ஒரு ஆள் வெளியே நிற்கிறார், உள்ளே இருக்கிறவர்கள் டீ குடித்துக்கொண்டு பேசுகிறார்கள். மூடி சீவும்போது, குழாயடியில், பல் விளக்கும்போது, எப்போதும் அவளுக்கு அதுவே நினைப்பு. நல்ல மூடியையெல்லாம் கோணல் மூடிகளோடு தள்ளி சூப்பர்வைசரிடம் ஒரு நாள் பேச்சு வாங்கினாள். பக்கத்து மேஜை பார்வதி, "ஒனக்கு என்னக்கா ஆச்சு?" என்று கேட்டாள். சொன்னதும் பார்வதி சிரிப்பாள் என்று நினைத்தாள். அவள் சிரிக்கவில்லை. "அதானே, அந்தாளு எங்க?" என்றாள்.

தையல்நாயகி நிலையத்துக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டாள். பத்து நாள் கழித்து இன்னொன்று. பதில் இல்லை. நேயர்கள் போனில் பேசுகிற நிகழ்ச்சிக்கு மூணு நாள் முயற்சி செய்து லைன் கிடைத்தது.

"சொல்லுங்கக்கா, என்ன பாட்டு வேணும்?" என்றாள் அறிவிப்பாளர் பெண்.

"பாட்டு வேணாம்மா. தூரக்கலத்துல மாசிலாமணி வெளிய போனாரே, உள்ள வந்துட்டாரா?"

"ரொம்ப நல்ல கேள்வி. யாருக்காகவாவது ஒரு பாட்டு டெடிகேட் பண்றீங்களா?"

பதினெட்டாவது வாரமும் முடிந்தது. இருபதோடு நாடகம் முடிகிறது என்று அறிவித்துவிட்டார்கள். வியாழக்கிழமை தையல்நாயகி அரை நாள் லீவு போட்டாள். தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு, பூட்டை ஒரே தடவை இழுத்துப் பார்த்துவிட்டு டெம்போ ஏறினாள்.

நிலையம் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. நாடகம் எழுதினவரைப் பார்க்கணும் என்றதும் வாசலில் இருந்த பெண் யாரிடமோ கேட்டுவிட்டு உட்காரச் சொன்னாள். தையல்நாயகியால் உட்கார முடியவில்லை. படிக்கட்டு வரைக்கும் போவதும் வருவதுமாக இருந்தாள். ஒரு மணி நேரம் கழித்து ஜானகிராமன் வந்தார். டியூஷன் சென்டரில் பிசிக்ஸ் எடுக்கிறவர். சட்டைப் பையில் சாக்பீஸ் தூள்.

"ரெண்டு கார்டு போட்டது நான்தான் சார்" என்றாள்.

கார்டு எதுவும் அவர் கைக்குப் போகவில்லை. விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. மாசிலாமணியாக நடித்த கோவிந்தராசுவுக்கு ஆபீஸில் காரைக்காலுக்கு மாற்றல் வந்துவிட்டது. திடீரென்று போய்விட்டதால், அவர் பேச வேண்டியதையெல்லாம் டாக்டருக்கே கொடுத்துவிட்டார்கள்.

"அப்போ அவரு இன்னும் வெளியிலதான் இருக்காரா சார்?"

ஜானகிராமன் சட்டைப் பையிலிருந்த தூளைத் தட்டிவிட்டு, "யாரும் கேக்கலம்மா" என்றார்.

"நான் கேக்கறேனே."

"பத்தொன்பது வரைக்கும் ரெக்கார்டிங் முடிஞ்சிடுச்சு. கடைசி ஒண்ணுதான் பாக்கி, நாளைக்கு. ஒம்பது வாரம் கழிச்சு எப்படிம்மா உயிரோட கொண்டாறது? காத்து தீந்திருக்குமே."

"தீந்திருக்காது. நாலாவது வாரம் அவரே சொன்னாரு சார், ஒரு உருளை காத்த நம்பி வெளிய காலு வெக்க மாட்டேன்னு. கப்பல் முதுகுல எப்பவும் ஸ்பேர் கட்டி வெச்சிருப்பாரு. எண்ணி கூட கேட்டுச்சே, இத்தனை எதுக்குன்னு."

"அது நான் எழுதினதா?"

"நாலாவது வாரம்" என்றாள் அவள் மறுபடி. "ரெண்டு நாள்ல வளையத்துக்குப் போயிட்டதா நீங்களே பன்னெண்டுல சொன்னீங்க. அதையும் சேத்து கதையில மொத்தம் ஆறு நாளுதான் ஆயிருக்கு. நமக்குத்தான் ஒம்பது வாரம்."

ஜானகிராமன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. எழுந்து போய் போனை எடுத்துக் காரைக்காலுக்குப் போட்டார். ஸ்பீக்கரில் கோவிந்தராசுவின் குரல் கரகரவென்று வந்தது. அதே குரல்.

"எந்த மாசிலாமணி?" என்றது குரல்.

ஜானகிராமன் விளக்கிச் சொன்னார். அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. "நான் உள்ள வரவே இல்லையா? நல்ல ஆளுங்கய்யா நீங்க."

தையல்நாயகி சிரிக்கவில்லை. குனிந்து போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "உங்களுக்கு ஞாபகமே இல்லீங்களா?" என்று கேட்டாள். யார் பேசுவது என்று அவருக்குப் புரியவில்லை. கொஞ்சம் தடுமாறி, "பதினோரு வாரம் பேசினேம்மா. நல்ல மனுஷன் அவன்" என்றார்.

போனில் வருகிற அந்தக் கரகரப்பே போதும், வெளியிலிருந்து பேசுகிற மாதிரிதான் இருக்கு என்று ஜானகிராமன் அங்கேயே முடிவு செய்தார். கோவிந்தராசுவை நாளைக்கு நாலு மணிக்குப் போன் பக்கத்தில் தயாராக இருக்கச் சொன்னார்.

கடைசிப் புதன்கிழமை தையல்நாயகி ரேடியோவுக்கு முன்னால் நின்றபடி கேட்டாள். இராமதாஸ் டெம்போவை நிறுத்திவிட்டுச் சீக்கிரமே வந்திருந்தார். கப்பல் பூமிப் பக்கம் திரும்பிவிட்டது. ஆதிரை கணக்குப் போட்டு முடித்தாள். முடிகிற நேரம். தையல்நாயகி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள். அப்போது இரைச்சலுக்கு நடுவில் இரண்டு தட்டு.

"தளபதி, மாசிலா பேசறேன். ஆன்டெனா வேலை முடிஞ்சிருச்சு. உள்ள வரலாமா?"

ஆதிரையின் மூச்சு கேட்டது. தையல்நாயகி இதுவரை கேட்காத நீளத்துக்கு. "வாங்க" என்றாள் ஆதிரை. இசை வந்தது, பெயர்கள் வந்தன, நாடகம் முடிந்தது.

"போதுமா?" என்றார் இராமதாஸ்.

அவள் தலையாட்டினாள். ஆனாலும் ரேடியோவை நிறுத்தவில்லை. விளம்பரம் ஓடி முடிகிற வரைக்கும் நின்றாள். "வாங்கன்னாங்க. கதவு தெறக்கற சத்தத்தக் காணோமே" என்றாள்.

அடுத்து எந்த நாடகமும் அந்த நிலையத்தில் வரவில்லை. அந்த நேரத்துக்குப் பாட்டுப் போட்டார்கள். ஜானகிராமனை அதற்கப்புறம் ஒரு தடவை பார்த்தாள், மார்க்கெட்டில், கீரைக்கட்டோடு. இரண்டாம் பாகம் வருமா என்று கேட்டதற்குக் கையை விரித்தார்.

கம்பெனியில் பார்வதி விடவில்லை. மத்தியானச் சாப்பாட்டின்போது, "அந்தாளு ஆறு நாளு வெளியில என்னதான் பண்ணிக்கிட்டிருந்தாரு?" என்று கேட்டாள். தையல்நாயகிக்குத் தெரிந்திருந்தது. ஆன்டெனாவின் கீழ் மரை தேய்ந்திருந்ததையும், தன் பெல்ட் கொக்கியை அறுத்து அவர் அதை இறுக்கினதையும் சொன்னாள். மறுநாள் இன்னொரு மேஜையிலிருந்து வேம்புவும் வந்து உட்கார்ந்தாள். வேம்பு அந்த நாடகத்தை ஒரு வாரம்கூடக் கேட்டவள் இல்லை. மூணாம் நாள் ஆறு பேர். அவரைக் கதவுக்குள் கொண்டுவந்து சேர்க்கவே தையல்நாயகிக்கு இரண்டு மாதம் பிடித்தது. உள்ளே வந்தவர் முதல் வேலையாக டாக்டர் கைவைத்த குழாயைப் பார்க்கப் போனார் என்றபோது எல்லாரும் சிரித்தார்கள்.

அதோடு நின்றிருந்தால் அவளுக்கும் தூக்கம் வந்திருக்கும். ஒரு நாள் வேலை விட்டுப் போகும்போது வேம்பு, "அவருக்குப் பொண்டாட்டி புள்ளைங்க உண்டாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். நாடகத்தில் அதைப் பற்றி எங்கேயும் வரவில்லை. தையல்நாயகி இருபது வாரத்தையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஏழாவது வாரத்தில், பூமியிலிருந்து கிளம்பும்போது கொடுத்தனுப்பின கடிதங்களை மற்றவர்கள் பிரித்தார்கள், அவர் மட்டும் தன்னுடையதைப் பையில் வைத்துக்கொண்டார். யார் எழுதினது? ஏன் பிரிக்கவில்லை? இந்திரா சிலை சிக்னலில் சைக்கிளோடு நின்றவள் பச்சை விழுந்ததைப் பார்க்கவில்லை. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.