பாசி மஞ்சளான நாள்

பல்லைப் பிடுங்கிய கையோடு எந்த மனுஷியாவது வேலைக்கு வருவாளா? குளத்தக்கா வந்தாள். கடைவாயில் பஞ்சை அடைத்து, "நல்லா கடிச்சுக்கங்க, ஒரு மணி நேரம் வாயைத் திறக்கவே கூடாது" என்று சொல்லி அனுப்பியிருந்தார் பல் டாக்டர். வீட்டுக்குப் போய்ப் படு என்று தையல் கடையிலிருந்து வீட்டுக்காரர் வேறு போனில் மன்றாடினார். இவள் காதில் போட்டுக்கொண்டால்தானே! கன்னம் வீங்கி இரண்டு நாளாகப் படுக்கையில் கிடந்தவளுக்குக் குளத்தைப் பார்க்காமல் இருப்புக் கொள்ளவில்லை. பூங்காவின் பின்வாசல் வழியாக நுழைந்து விறுவிறுவென்று நடந்தாள்.

அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. பூங்காவில் எல்லாருக்கும் அவள் குளத்தக்காதான். முதலில் குப்பை கூட்டத்தான் சேர்ந்தாள். குளத்தில் இறங்க ஆள் கிடைக்காத ஒரு கோடையில், நீளக் கழியில் பல் வைத்த வாருகோலைக் கையில் கொடுத்து இறக்கிவிட்டார்கள். அன்று பிடித்ததுதான். சாதாரணக் குளம் என்று நினைத்துவிடாதீர்கள், ஒரு சுற்று நடந்து வந்தால் கால் கெஞ்சும். வாத்து, ஆமை, மீன், தட்டான், இங்கே முங்கி எங்கேயோ போய் எழும்பும் முக்குளிப்பான் பறவை என்று அதற்குள் ஒரு ஊரே குடியிருந்தது.

வெயில் ஏறினால் அந்த ஊருக்குமேல் பாசி படரும். அதை எடுக்க அவளுக்கென்று ஒரு முறை உண்டு. குளத்தை மனசுக்குள் மூன்று பங்காகப் பிரித்துக்கொள்வாள். ஒரு தடவைக்கு ஒரு பங்குதான். அதை முடித்துச் சில நாள் விட்டுத்தான் அடுத்ததில் கை வைப்பாள். வாரிய பாசியை உடனே குப்பை வண்டியில் ஏற்றவும் விடமாட்டாள். தண்ணீர் ஓரமாகவே குவித்து வைப்பாள். உள்ளே சிக்கிய நத்தையும் தட்டான் புழுவும் தலைப்பிரட்டையும் ஊர்ந்தோ துள்ளியோ திரும்பத் தண்ணீருக்குள் போய்ச் சேர வேண்டுமே! நாற்றம் என்று மூக்கைப் பிடிப்பவர்களிடம், "உங்களை வீட்டைக் காலி பண்ணச் சொன்னா, சாமான் எடுக்க ரெண்டு நாள் கேக்க மாட்டீங்களா? அதுங்களுக்கும் அப்படித்தான்" என்பாள். புல்வெளிக்குப் போடும் உரம் மழையில் வழிந்து குளத்துக்கு வரக் கூடாது என்று தோட்டக்காரர்களோடு மல்லுக்கு நிற்பாள். வாத்துக்கு ரொட்டி வீசுகிறவர்களைக் கண்டால் தொலைந்தார்கள். "மிச்சத்தை யாரு தின்னுது தெரியுமா? பாசிதான் தின்னுது!" என்று விரட்டுவாள். வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய்.

இந்த வருஷம் பாசி கொஞ்சம் மிஞ்சித்தான் போயிற்று. அதுவும் எந்த நேரத்தில் பாருங்கள்! பூங்கா மேலாளர் துடுப்புப் படகு விட ஏற்பாடு செய்து, படகுகளும் வந்து இறங்கிவிட்டன. துடுப்பைப் போட்டால் பாசி சுற்றிக்கொண்டது. "எப்பம்மா முடியும்?" என்று காலையும் மாலையும் கேட்டார். கெட்ட மனுஷன் இல்லை. அவரைக் கேட்க அவருக்கு மேலேயும் ஆள் இருக்கிறதே. "பங்கு பங்காத்தான் சார் முடியும். மொத்தத்தையும் ஒரேயடியா கொன்னா அது தண்ணிக்குள்ளயே அழுகும். அழுகுறது தண்ணியில இருக்கிற காத்தையெல்லாம் குடிச்சுடும். அப்புறம் மீனு எதை மூச்சு விடும்?" என்பாள் இவள். அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு போவார்.

இங்கேதான் சின்னவன் வருகிறான். குளத்தக்காவின் கூடப்பிறந்த தம்பி. ஒரு ஓட்டலில் நீச்சல் குளம் கழுவிக்கொண்டிருந்தவன், யாரோடோ வாய்த்தகராறாகி வேலையை விட்டான். அதற்கு முந்தின வேலையும் அப்படித்தான் போனது. அவன் பெண்டாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். "ஒரு இடத்துல நிலையா இருந்து காட்டு, அப்புறம் வர்றேன்" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னதில் என்ன தப்பு? குளத்தக்காதான் மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி, "இவனுக்கு நான் பொறுப்பு சார்" என்று சொல்லி, தனக்கு உதவியாகத் தம்பியைச் சேர்த்துவிட்டாள். தற்காலிக வேலை. ஒழுங்காக இருந்தால் நிரந்தரம்.

ஒழுங்காகத்தான் இருந்தான். சோம்பேறி என்று சொல்ல முடியாது. ஆனால் நீச்சல் குளத்திலேயே காலம் தள்ளியவன் இல்லையா? அவனுக்குச் சுத்தமான தண்ணீர் என்றால் அடித்தரையில் பதித்த ஓடு தெரிய வேண்டும். அக்கா வாரமெல்லாம் இடுப்பளவு தண்ணீரில் நின்று இழுப்பதைப் பார்க்க அவனுக்குச் சகிக்கவில்லை. ஒரு மூட்டை மருந்தில் முடிகிற வேலைக்கு இவ்வளவு பாடா என்று நினைத்தான்.

அன்று வானம் மூடி, காற்றே இல்லாமல் புழுங்கியது. குளத்தக்கா கரைக்கு வந்து ஒரு பார்வை பார்த்தாள். பாசி பச்சையாக இல்லை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரைக்கும் அழுக்கு மஞ்சளாகத் துவண்டு கிடந்தது. குனிந்து படிக்கட்டைப் பார்த்தாள். நத்தைகள் தண்ணீரை விட்டு வெளியே ஏறி, வறண்ட கல்லில் ஒட்டிக்கொண்டிருந்தன.

"வந்துட்டியாக்கா!" பின்னால் சின்னவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தான். "நேத்து காலையிலயே முடிச்சுட்டேன். ஒரு மூலை விடாம போட்டிருக்கேன். நாலு நாள்ல கண்ணாடி மாதிரி ஆயிடும் பாரு. இனிமே நீ இறங்கவே வேணாம்."

எதைப் போட்டாய் என்று கேட்க வாயில்லை. கையை ஆட்டினாள், முறைத்தாள், அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அவன் பாராட்டுகிறாள் என்று நினைத்து வெட்கப்பட்டான், பாவி! கடைசியில் அவன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு கருவி அறைக்குப் போனாள். மூலையில் காலிச் சாக்கு கிடந்தது. நீலப் பொடி ஒட்டிய சாக்கு. மயில்துத்தம். பாசியைக் கொல்லும், சரிதான். நத்தையையும் கொல்லும், மீனின் செவுளையும் அரிக்கும். அதை முழுக் குளத்துக்கும் ஒரே வீச்சில் போட்டிருக்கிறான்.

டாக்டராவது மண்ணாவது! பஞ்சைத் துப்பினாள். இரத்தத்தோடு விழுந்தது.

"அடப் பாவி! மருந்துல தப்பிச்சதுங்களும் பாசி அழுகி மூச்சு முட்டிச் சாகும்டா!"

"நீதானேக்கா கஷ்டப்படுறே... அதான்..." சின்னவனின் முகம் வெளுத்துவிட்டது. "சாகுமா? மீனா?"

"எல்லாம் சாகும்! நீ என்ன பண்ணியிருக்கேன்னு தெரியுதா உனக்கு?"

செய்ய வேண்டியது அவளுக்குத் தெரிந்திருந்தது. செத்த பாசியை அழுகுவதற்குள் வாரி வெளியே போட வேண்டும். தண்ணீரை மேலே பீய்ச்சி அடித்துக் காற்று ஏற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் மேல்நிலைத் தொட்டியைத் திறந்து நல்ல தண்ணீர் விட்டு அந்த விஷத்தின் வீரியத்தைக் குறைக்க வேண்டும். தொட்டி வால்வு இருக்கும் அறையின் சாவி மேலாளரிடம் இருந்தது.

"மேலாளர்கிட்ட போறேன்" என்று கிளம்பினாள்.

சின்னவன் குறுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, அக்கா, உன் கால்ல விழுறேன். சொன்னா இன்னைக்கே துரத்திடுவாரு. இந்த வேலையும் போச்சுன்னா அவ வரவே மாட்டாக்கா. சின்ன மோட்டார் இருக்கே, நாமளே பார்த்துக்கலாம்."

கல்நெஞ்சக்காரியாக இருந்தால் உதறிவிட்டுப் போயிருப்பாள். இவள் நின்றுவிட்டாள். தூக்கி வளர்த்த பிள்ளை அல்லவா! செடிக்குத் தண்ணீர் இறைக்கும் சின்ன மோட்டாரை இழுத்து வந்தார்கள். குளத்துத் தண்ணீரையே உறிஞ்சி வானத்தைப் பார்த்துப் பீய்ச்சினார்கள். ஒருத்தி இறங்கி வார, ஒருத்தன் கரையில் இழுத்துப் போட, இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. ஆனால் அந்தக் குளம் எவ்வளவு பெரியது, அந்த மோட்டார் எம்மாத்திரம்! நடுக்குளத்தில் ஒரு பெரிய மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அதன் பக்கத்தில் இன்னொன்று வந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் முழுக்க வாய்களாகத் தெரிந்தது. ஒரு சின்ன மீன் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு அவள் தொடையில் வந்து இடித்தது.

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. வாருகோலை வீசிவிட்டு, ஈரப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலுவலகத்தைப் பார்த்து ஓடினாள்.

"சார், சாவி! தொட்டிச் சாவி! குளத்துல மருந்து விழுந்துடுச்சு!"

வாயோரம் இரத்தமும் முழங்கால் சேறுமாக நின்றவளைப் பார்த்து மேலாளர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "மருந்தா? யார் போட்டது?"

"அப்புறம் கேளுங்க சார், முதல்ல குடுங்க!"

நல்ல வேளை, அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. தானே ஓடிப்போய் வால்வைத் திறந்தார். குழாய் வழியாகத் தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்தது. படகுக்காரர்களைக் கூப்பிட்டார். எந்தப் பாசிக்காகத் தலையில் அடித்துக்கொண்டார்களோ, அதற்குள்ளேயே படகை விட்டு மேலாக அரித்து அரித்துக் கரைக்குத் தள்ளினார்கள். "அடிச்சேறு கலங்கக் கூடாது! மேலாக! மேலாக எடுங்கப்பா!" என்று குளத்தக்கா கத்திக்கொண்டே இருந்தாள். தோட்டக்காரர்கள் பெரிய மோட்டாரை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். சின்னவன் பேய் பிடித்தவன் மாதிரி வேலை செய்தான், அதைச் சொல்லாவிட்டால் பாவம் பிடிக்கும். கை வெடித்து இரத்தம் வந்தும் நிறுத்தவில்லை.

மத்தியானம் போய்ப் பொழுது சாயும் வரைக்கும் யாரும் உட்காரவில்லை. தண்ணீர் விழும் மூலையில் மீன்கள் முண்டியடித்துக்கொண்டு நின்றன. பொடி மீன்கள் நிறையச் செத்துப்போயின. நத்தைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கரையோரம் ஓடு ஓடாகக் கிடந்தன. பிறகு மெதுவாக, மேலே தெரிந்த வாய்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. பெரிய மீன்கள் கீழே இறங்கிவிட்டன. முக்குளிப்பான் ஒன்று முங்கி, உயிரோடுள்ள எதையோ கவ்விக்கொண்டு எழுந்தது. குளத்தக்கா அதைப் பார்த்துவிட்டுப் படிக்கட்டில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

மேலாளர் அருகில் வந்தார். சின்னவன் இரண்டு படி கீழே நின்றான்.

"இப்ப சொல்லுங்கம்மா. யார் போட்டது?"

குளத்தக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் தலையைத் தூக்கவில்லை.

"நான்தான் சார்" என்றாள்.

"நீங்களா?" அவரால் நம்ப முடியவில்லை. "மருந்தே கூடாதுன்னு என்கிட்ட சண்டை போட்டவங்க நீங்க."

"நீங்க தினமும் கேட்டீங்க. உடம்பும் முடியல. இன்னைக்கு வந்ததும் பொறுக்க முடியாம போட்டுட்டேன்."

பொய்யைச் சொல்லிவிட்டாளே தவிர, மனசுக்குள் அவள் ஒரு கணக்குப் போட்டிருந்தாள். தம்பி இதைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க மாட்டான், "இல்ல சார், அக்கா இல்ல" என்று முன்னால் வந்துவிடுவான், ஒப்புக்கொண்டவனை மேலாளரும் மன்னித்துவிடுவார் என்று நினைத்தாள்.

மேலாளர் சின்னவன் பக்கம் திரும்பினார். "நீ கூடத்தானே இருந்தே? இவங்களா போட்டாங்க?"

சின்னவன் தொண்டையைச் செருமினான்.

"ஆமா சார்."

அவள் வீங்கிய கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டாள். அந்த வலி இப்போது தெரியவே இல்லை.

மேலாளருக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது. "அவசரப்படுத்தினதுல என் தப்பும் இருக்கு. ஆனா இதை நான் மூடி மறைக்க முடியாதும்மா. நாளையிலருந்து நீங்க நாற்றுப் பண்ணைக்குப் போயிடுங்க. குளத்துப் பக்கம் வர வேணாம். தம்பி இன்னைக்கு நல்லா வேலை பார்த்தான். குளத்தை அவனே பார்த்துக்கட்டும்." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

"அக்கா" என்றான் சின்னவன்.

ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது அவளுக்கு. "நீ வாயைத் திறப்பேன்னு நெனச்சேன்டா. ஒரு வார்த்தை. இல்லைன்னு ஒரே ஒரு வார்த்தை."

"திறக்கத்தான்க்கா நெனச்சேன்." அவன் குரல் உடைந்தது. "பாப்பா ஞாபகம் வந்துடுச்சு."

அந்தப் பாப்பாவுக்காகத்தானே அவளும் பொய் சொன்னாள்! அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் முன்னால் அழக் கூடாது என்று குளத்தைப் பார்த்தாள். எதிர்க்கரையோரம் இன்னும் மஞ்சள் பாசி கனமாக மிதந்துகொண்டிருந்தது. அதை அப்படியே விட்டால் விடிவதற்குள் அந்தப் பக்கத்து மீன்கள் மிதக்கும்.

எழுந்து வாருகோலைத் தேடி எடுத்தாள்.

"நீ இரு அக்கா, நான் பார்த்துக்கறேன்" என்று சின்னவன் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"நாளையிலருந்துதானே வர வேணாம்னாரு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினாள்.