தீயணைப்பு நிலையத்துக்குப் போன மரியம்மாள்

வேகவதி ஆற்றங்கரைக் குடிசைகளில் மரியம்மாளைப் பைபிள்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்தைந்து வயது, கணவன் இல்லை, பிள்ளையும் இல்லை. காலையில் நெசவுக்காரர் வீடுகளுக்குப் பட்டு நூல் சுற்றிக் கொடுப்பாள். மாலையில் மிஷன் கொடுத்த வேதப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போய்ப் படித்துக் காட்டி ஜெபம் பண்ணுவாள்.

1969 பங்குனியில் ஒரு நண்பகல் அங்கே தீப்பிடித்தது. அறுபது குடிசைகளுக்கு மேல் போயின. மரியம்மாள் தன் டிரங்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். அடுத்த குடிசையில் செல்லியம்மாள் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடந்தாள். கதவு சாத்தியிருந்தது. மகன் பழனி வந்து தூக்கிப் போயிருப்பான் என்று மரியம்மாள் நினைத்தாள். நினைத்தாளா, அப்படி நினைத்துக்கொண்டாளா என்பது பிறகு அவளுக்கே தெரியவில்லை.

பக்கத்துக் கிராமமான முசரவாக்கத்தில் வைக்கோல் போர் பற்றியதை அணைக்கப் போயிருந்த தீயணைப்பு வண்டி, மறுபடி தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் முதலாளி வீட்டுத் தறியிலிருந்து ஓடி வந்த பழனி, தீக்குள் நுழைய முடியாமல், "எங்கம்மா எங்க? எங்கம்மாவ யாரு தூக்கினு வந்தீங்க?" என்று ஒவ்வொருவராகப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான். வண்டியைக் கண்டதும் கூட்டம் ஏசத் தொடங்கியது. மரியம்மாள் குனிந்து ஒரு செங்கல் துண்டை எடுத்து எறிந்தாள். தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டிருந்த ஒருவரின் நெற்றியில் அது பட்டது. புறங்கையால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அவர் குழாயை இழுத்தார். செல்லியம்மாளின் உடலைச் சாக்கில் சுற்றித் தூக்கி வந்ததும் அவர்தான்.

ஆடி மாதம், மிஷன் கொடுத்த மூங்கிலும் ஓலையும் வைத்து எல்லோரும் கூரை போட்டுக்கொண்டிருந்தபோது போதகர் அவளைக் கூப்பிட்டார்.

"டீக்கடையிலகூட ஃபயர் சர்வீஸ்காரங்கள ஏசுறாங்களாம்மா. புதன்கிழமை தோறும் போய் ஆறுதலா ரெண்டு வார்த்தை சொல்லி ஜெபம் பண்ணிட்டு வா. வீட்ட எழந்த நீ போனாத்தான் அதுக்கு மதிப்பு."

முடியாது என்று சொல்ல அவளிடம் காரணம் இருந்தது. அதைச் சொல்லாமல் அடுத்த புதன்கிழமை தீயணைப்பு நிலையத்துக்குப் போனாள்.

நிலையத்தில் ஆறு பேர் இருந்தார்கள். அதிகாரி கோதண்டபாணி நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். "எந்த சாமின்னாலும் சரிம்மா. எங்களத் திட்டாம பேச ஒரு ஆளு வந்தீங்களே."

கடைசியாக வந்து உட்கார்ந்தவர் பெயர் பூவராகவன். நெற்றியில் வைணவர் இடும் மெல்லிய சிவப்பு ஸ்ரீசூர்ணம். அதன் பக்கத்தில், புருவத்துக்கு மேல் தழும்பு. மரியம்மாள் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே வாசித்து முடித்தாள்.

நான்கு மாதம் அப்படியே போனது. ஒரு ஞாயிறு ஆராதனையில் போதகர் அவளை எழுந்து நிற்கச் சொல்லி, "மன்னிக்கிற மனசுன்னா இந்த அம்மாவப் பாருங்க" என்றார். பெஞ்சுகளில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். பக்தியில் அழுகிறாள் என்று நினைத்தார்கள்.

அடுத்த புதன்கிழமை பூவராகவன் மட்டும் மற்றவர்கள் போன பிறகும் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, எனக்காகத் தனியா ஒரு ஜெபம் பண்றீங்களா? அந்த செத்துப்போன அம்மா நெனப்பாவே இருக்குது. கதவு சாத்தினு இருந்துச்சு. உள்ள யாரும் இல்லன்னு நெனச்சு மொதல்ல பக்கத்துக் குடிசைக்குப் போயிட்டேன். யார்கிட்டயும் சொல்லல."

மரியம்மாள் கண்ணை மூடினாள். பிறகு ஜெபம் பண்ணாமல் கண்ணைத் திறந்தாள்.

"நானும் அந்தக் கதவத் தாண்டித்தான்பா போனேன்," என்றாள். "உங்களுக்கு முன்னாடியே. அவ உள்ள இருப்பான்னு எனக்குத் தெரியும். நீங்க லேட்டா வந்தீங்கன்னு கல்ல எறிஞ்சது நான்தான்."

பூவராகவன் கை தழும்பை நோக்கிப் போய், பாதியிலேயே இறங்கியது.

"ஏம்மா சொன்னீங்க?" என்றார் மெதுவாக. "கூட்டத்துல யாரோ எறிஞ்சாங்கன்னு விட்டுட்டேன். இனிமே நீங்க வந்து உக்காந்தாலே எனக்கு அந்தக் கல்லுதானே தெரியும்? கொஞ்ச நாள் வராதீங்கம்மா."

அவள் போதகரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். சபையில் எழுந்து நின்று சொல்லட்டுமா என்று கேட்டாள். "வேணாம்மா. மிஷன் பேரு கெட்டுடும்," என்றார். பழனியிடம் போகாதே என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

பழனி புதுக் கூரைக்குக் கீழே தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தான். அவள் வாசலில் நின்றபடியே அந்தக் கதவைத் தாண்டிப் போனதைச் சொன்னாள். தறிச் சத்தம் நின்றது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் அங்கேயே நின்றாள். சிறிது நேரத்தில் தறி மறுபடி ஓடத் தொடங்கியது.

தை பிறந்த பிறகு ஒரு புதன்கிழமை கோதண்டபாணி ஆள் அனுப்பினார். மரியம்மாள் போனாள். பூவராகவன் இருந்தார், "வாங்க" என்று மட்டும் சொன்னார். அவள் வாசித்தாள், அவர் கேட்டார். 1973இல் அவர் வாலாஜாபாத்துக்கு மாற்றலாகிப் போகும்வரை இருவரும் அதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. நிலையத்திலிருந்து ஒருவரும் சபையில் சேரவில்லை. போதகர் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

சில வருஷம் கழித்து, பழனி தன் மூத்த மகள் கல்யாணப் பத்திரிகையை மரியம்மாளுக்கு வேறொருவர் கையில் கொடுத்து அனுப்பினான். மரியம்மாள் போய்க் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பழனி பந்தி விசாரித்துக்கொண்டே வந்தான். அவள் இலைக்கு நேரே வந்ததும் நின்றான். "அவங்களுக்குச் சாம்பார் ஊத்துப்பா," என்று பரிமாறுகிறவனிடம் சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனான்.