பத்துச் சட்டி மணலுக்கு ஒரு சட்டி சிமெண்ட்

கல்லறை கட்டுகிறவனிடம் செத்தவர்கள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. உயிரோடு இருக்கிறவர்களிடம் மாட்டிக்கொண்டுதான் முழிக்க வேண்டும். கொத்து வேலை பார்க்கும் அண்ணன் தம்பிகளுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொத்தனாராக இருந்தேன். தொழிலாளர் குடியிருந்த லயத்துச் சுவரும் நான்தான், கல்லறையும் நான்தான். கட்டியவற்றில் ஒன்றை நினைத்தால் மட்டும் எனக்கு வயிறு எரியும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு சாண்

எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணியின் அப்பாவுக்கு இரண்டடி உயரத்தில் கல்லறை கட்டினேன். முன்பே செத்துப்போயிருந்த கங்காணியின் மகன் மறுவாரமே வந்து நின்றான். அவன் அப்பாவின் கல்லறை அதைவிட ஒரு சாண் உயரமாக இருக்க வேண்டுமாம். ஏற்றினேன். கிராணிக்குப் பொறுக்கவில்லை, தன் அப்பாவுக்கு இரண்டு சாண் ஏற்றச் சொன்னார். இப்படியே மாறி மாறி ஏறி, கங்காணியின் கல்லறை என் கழுத்துக்கு வந்துவிட்டது. தீபாவளிக்கு முதல் நாள் படையல் போட வந்த கங்காணியின் மனைவி அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "சூடம் ஏத்தக் கை எட்டல தம்பி. ஒரு ஏணியும் கட்டிக் குடுத்துரு."

காலி இடம்

லோரி ஓட்டுநர் ஒருவருக்கு எங்கள் எஸ்டேட்டில் ஒரு மனைவி, திரிங்காப் காய்கறித் தோட்டத்தில் இன்னொரு மனைவி. அவர் போனபின் மூத்தவர் வந்து, தனக்கென்று வலப்பக்கம் இடம் விட்டுக் கட்டச் சொன்னார். மறுநாள் இளையவர் வந்து இடப்பக்கத்தைக் கேட்டார். ஆளுக்கொரு பக்கம், தொல்லை விட்டது என்று நிம்மதியாக நூல் பிடித்துக்கொண்டிருந்தேன். செய்தி எப்படிப் போனதோ, மத்தியானம் கொழுந்துக் கூடையை இறக்காமலே மூத்தவர் வந்துவிட்டார். "இடப்பக்கம் வாய்க்கா வெட்டிருங்கண்ணே. மழத் தண்ணி எங்கயாச்சும் போவணும்லா."

மீசைக்காரன்

என்னைக் கட்டிக்கொண்டபோது என் மனைவி செல்லம் விதவை. முதல் புருஷன் முனியாண்டி காய்ச்சலில் போனவன். கலியாணமான வருஷமே, அவனுடைய மண்மேட்டைக் கல்லறையாகக் கட்டித் தரும்படி கேட்டாள். பதிக்கச் சொல்லி ஒரு படமும் கொடுத்தாள். அடர்ந்த மீசை. எனக்கு மீசை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைக்கும். பொறாமைதான், வேறென்ன? நாலு சட்டி மணலுக்கு ஒரு சட்டி சிமெண்ட் போடுகிறவன், பத்துச் சட்டிக்கு ஒன்று போட்டுக் குழைத்தேன். கல்லறை சீக்கிரம் உதிர்ந்தால் அவளும் அவனை மறந்துவிடுவாள் என்று நினைப்பு.

மலை மழை சும்மா விடுமா? மாதம் ஒரு கீறல் விட்டது. ஒவ்வொரு மழைக்கும் செல்லம் களிமண்ணும் பூவும் எடுத்துக்கொண்டு ஓடினாள். எட்டு வருஷம் இப்படியே போனது. அவள் அங்கே போகும்போதெல்லாம் நான் வீட்டில் வெந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் பொறுக்காமல் பின்னாலேயே போய், "செத்தவன்கிட்ட அப்படி என்னதான் பேச்சு?" என்று கேட்டேவிட்டேன். அவள் திரும்பாமலே, பெயர்ந்து கிடந்த பூச்சை எடுத்து விரலால் நசுக்கினாள். மாவாகக் கொட்டியது. "நம்ம அடுப்படியும் நீங்க பூசுனதுதானே, ஒரு கீறல் இல்ல. இதையும் அப்படியே பூசியிருந்தா, வருஷத்துக்கு ஒரு நாள் வந்து சூடம் காட்டிட்டுப் போயிருப்பேன்லா."

மறுநாள் காலையிலேயே மூன்று சட்டிக்கு ஒன்று போட்டுக் குழைத்து முனியாண்டிக்கு நான் திரும்பக் கட்டியதுதான் இன்றும் அந்த மலையில் கீறல் விடாத ஒரே கல்லறை, அத்தனையும் பொறாமை.