பூங்கொடியின் மிளகு

பொறாமையால் ஒரு வியாபாரத்தைக் கெடுத்தவள் நான். பூங்கொடியின் மிளகு பூசணம் பிடித்தது என்னால்தான்... இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

பூங்கொடி என் கொழுந்தனின் மனைவி. மலைமேல் குண்டூர் நாடு என்ற ஊர்த்தொகுதியில் எங்கள் வீடுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. இருவருக்கும் மிளகுதான் பிழைப்பு. போன பருவத்தில் மலேசியாவிலிருந்து கவின்மலர் என்றொரு பெண் வந்தாள். அவள் பாட்டனார் எங்கள் மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சியிலிருந்து ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறியவர். அங்குள்ள தமிழர் கடைகளுக்கு முன்னோர் மண்ணின் மிளகையே கொண்டுபோக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. என் மிளகையும் கடித்துப் பார்த்தாள், பூங்கொடியின் மிளகையும் கடித்துப் பார்த்தாள். பூங்கொடியின் மிளகே போதும் என்றுவிட்டாள்!

ஒரே மலை, ஒரே மழை... என்னிடம் என்ன குறை கண்டாள்? அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பூங்கொடி சும்மா சிரித்தாலும் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று தோன்றியது.

எங்கள் ஊரில் மிளகைப் பொதுப் பாறையில் காயவைப்போம். மழை வந்தால், அங்கே இருப்பவர் எல்லோருடைய மிளகையும் தார்ப்பாய் போட்டு மூடியாக வேண்டும். அதுதான் வழக்கம். பூங்கொடி சாக்கு வாங்கச் சந்தைக்கு இறங்கியிருந்தாள். தூறல் விழுந்தது. பாறையில் நான் மட்டும்! என்னுடையதை மூடினேன். அவளுடையது நனைவதை... பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிறகு அடித்த வெயிலில் அது மேலுக்கு மட்டும் உலர்ந்துவிட்டது. பூங்கொடி வந்து கேட்டாள்.

"தூறல் போட்டுதாமே, மூடுனீங்களாக்கா?"

"மூடாம இருப்பனா கண்ணு? நீ மூட்டையைக் கட்டு."

நம்பிக் கட்டி மலேசியாவுக்கு அனுப்பினாள்.

மூட்டையைத் திறந்தால் ஒரே பூசணம் என்று கவின்மலர் போனில் அழாக்குறையாகச் சொன்னாள். பூங்கொடி என் எதிரில்தான் பதில் சொன்னாள்.

"என் அவசரந்தானுங்க. சரியாக் காயறதுக்குள்ள கட்டிப்போட்டேன். எங்க மலையை மட்டும் உட்டுறாதீங்க. எங்கக்கா மிளகை வாங்கிப் பாருங்க, அவங்க கைப்பக்குவம் தப்பாதுங்க."

இப்போது மலேசியாவுக்குப் போவது என் மிளகு. மூட்டைக்கு வாய் தைத்துத் தருபவள் பூங்கொடி. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் அவள் பக்கத்தில் போய் உட்காருகிறேன்... சொன்னால் இந்த வியாபாரமும் போகும், அவளும் போவாள். ஊர்க்கதை பேசிவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன்.

வெட்கத்தை விட்டு இன்னொன்றும் சொல்கிறேன். எனக்காக அப்படி விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வந்ததே... அதன் மேலும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது!