கடைசி அசுரனுக்கு வைத்த குப்பி

திருமுல்லைவாயில் ஸ்டேஷனிலிருந்து கொட்டும் மழையில் தொப்பலாக நனைந்துகொண்டு வருகிறார் வேம்புலி. தோள்பையில் குடை இருக்கிறது. புதுக் குடை, உறைகூடப் பிரிக்கவில்லை. மாடி ஜன்னலிலிருந்து, "குடையை விரிக்கலாமே!" என்று கத்தினால், "இது சும்மா தூறல் சார். பெருசா வரும், அப்ப வோணும்" என்பார். புயல் அடித்தபோதும் இதையேதான் சொன்னார். அதைவிடப் பெரிய புயல் ஒன்று அவருக்காகக் கடலில் காத்திருக்கிறது.

வேம்புலி என் வீட்டு ஓனர். மாடியில் நான் குடியிருக்கிறேன், கீழே அவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் ஷிப்டு சூப்பர்வைசர். வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. கரண்டு போனால் அதைப் போட மாட்டார், பெரிய கரண்டு கட்டுக்கு வேண்டுமாம். சோபாவின்மேல் கடைக்காரன் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் அப்படியே இருக்கிறது. உட்கார்ந்தால் முனகும், எழுந்தால் ஒட்டிக்கொண்டு கூடவே வரும். விருந்தாளி வந்தால் பிரிப்பாராம். அப்படியானால் நான் யார் என்று கேட்கத் தோன்றியது.

இந்தச் சிக்கனத்தின் திருவுருவத்துக்கு ஒரே ஆடம்பரம், ஜப்பான்காரர்கள் செய்யும் வீடியோ கேம். கண்டபடி சுட்டுத் தள்ளுகிற ரகமில்லை. ஊர் ஊராகப் போய், கூட்டாளி சேர்த்து, கதை கேட்டு, அசுரனை ஒழிக்கிற ரகம். கூட வேலை பார்த்த ஜஸ்டின் புது மெஷின் வாங்கியபோது பழையதை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனான். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் வேம்புலி உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். நாளைக்கே உலகம் அழியப்போகிறது என்று ராஜா கண்ணீர் விடுவார். நம் வீரர் ஆற்றங்கரையில் நிதானமாக மீன் பிடிப்பார். அடுத்தவன் வீட்டுக்குள் நுழைந்து பானையை உருட்டுவார். யார் நீ என்று வீட்டுக்காரன் கேட்க மாட்டான், பக்கத்து ஊருக்கு வழி சொல்லி அனுப்புவான். "அவ்ளோ நல்ல ஜனம் சார்" என்று உருகுவார் வேம்புலி. எங்கள் தெருவில் செருப்பை மாற்றிப் போட்டாலே பஞ்சாயத்து.

சண்டைதான் அவருக்கு உயிர். இவர் ஒரு அடி, எதிரி ஒரு அடி, முறை மாறாது. இவர் டீ குடித்து டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வரும்வரை மலை உயர அசுரனும் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பான்.

"அசுரன்னாலும் முறைன்னா முறை சார். நம்ம கை ஓங்குற வரிக்கும் நிப்பான். அம்பத்தூர் ஓ.டி. சிக்னல்ல ஒருத்தன் நிப்பானா?"

என் ஸ்கூட்டரின் பின்விளக்கு அன்று காலையில்தான் அந்த சிக்னலில் எவனோ இடித்து உடைந்திருந்தது.

கூட்டாளிகளில் ஒருத்தி மருத்துவச்சி. பெயர் வைக்கச் சொன்னது விளையாட்டு. மனைவி நாகவல்லியின் பெயரை வைத்தார். கட்டத்தில் இடம் போதாமல் 'நாகா' என்று நின்றுவிட்டது. காதல் என்றால் இதுவல்லவா! ஆனால் எல்லோர் காயத்தையும் ஆற்றுகிற நாகாதான் முதலில் அடிபட்டுச் சாவாள். செத்தவரை எழுப்பி உட்காரவைக்கும் நீலக் குப்பிகள் பையில் குவிந்து கிடக்கின்றன. இனி இடமில்லை என்று விளையாட்டே கையை விரித்துவிட்டது. வேம்புலி ஒன்றைக்கூடத் தொட மாட்டார், கடைசி அசுரனுக்கு வேண்டும். நாகாவைப் பிணமாகவே இழுத்துக்கொண்டு அடுத்த ஊர் சத்திரத்துக்குப் போவார். அங்கே படுத்து எழுந்தால் அவள் பிழைத்துக்கொள்வாள். தப்பித்தவறி ஒரு குப்பி செலவாகிவிட்டால், முன்பு சேமித்து வைத்த இடத்துக்கே போய் ஆட்டத்தை மறுபடி தொடங்குவார். காலைப் பொழுது முழுக்க வீணானாலும் குப்பி திரும்பிவிடும்.

நிஜ நாகவல்லிக்குப் பித்தப்பையில் கல். வலி வந்தால் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றுவிடுவார். ஆபரேஷன் செய்துவிடலாம், ஒரு வாரம் கூடவே ஆள் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி மாதங்கள் ஆகின்றன. வேம்புலியிடம் எடுக்காத லீவு மலையாகக் கிடக்கிறது. "இப்பவே எட்த்துட்டா, நாளிக்கி பெருசா எதுனா வந்தா இன்னா சார் பண்றது?" என்பார். இதைவிடப் பெரிதாக என்னய்யா வர வேண்டும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குடியிருப்பவன் கேட்கிற கேள்வியா அது? மாடியேறிவிடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, தொட்டியில் தண்ணீர் இல்லை என்று சொல்லக் கீழே போனேன். வேம்புலி சோபா விளிம்பில் உட்கார்ந்து, சதுப்பு நிலத்தில் ஒரு தவளையோடு போர் புரிந்துகொண்டிருந்தார். நாகவல்லி தரையில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். தவளை நாக்கை நீட்டியது. நாகா விழுந்தாள்.

"செத்துட்டாங்களே" என்றேன்.

"வுடு சார். சத்திரத்துல படுத்து எய்ந்தா சரியாப்பூடும்."

நாகவல்லியின் கை நின்றது. "முந்தாநேத்து நான் வலில துடிச்சப்பவும் இத்தையேதான்யா சொன்னே. படுத்து எய்ந்தா சரியாப்பூடும்னு."

"அது வேறமே, இது வேற" என்றார் வேம்புலி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாகவல்லி எழுந்து வந்து அவர் கையிலிருந்த கன்ட்ரோலரைப் பிடுங்கினார். இத்தனை காலம் காய் நறுக்கியபடி பார்த்திருக்கிறாரே, எந்தப் பொத்தான் எதற்கு என்று தெரியாதா? பையைத் திறந்தார். நீலக் குப்பியை எடுத்தார். நாகாவுக்குக் கொடுத்தார்.

"ஐயோ, ஒரு தவளைக்குப் போயா! இன்னாமே பண்றே?"

"தவளை அட்ச்சாலும் சாவு சாவுதான்யா. கடைசி அசுரன் வர்ற வரிக்கும் நீ பையக் கட்டிகினு குந்தினு இரு. என்னால முடியாது."

திரையில் நாகா உடம்பெல்லாம் ஒளியாக எழுந்து நின்றாள். நாகவல்லி கன்ட்ரோலரைக் கணவர் மடியில் போட்டுவிட்டு, வலது விலாவை ஒரு கையால் அழுத்தியபடி மெல்லத் தரையில் உட்கார்ந்து மொச்சையை எடுத்தார். தொட்டியை மறந்து நானும் திரையைப் பார்த்தேன்.

வேம்புலி தவளையைக் கொன்றார். அடுத்து என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். பழைய இடத்துக்குத் திரும்புவார், குப்பியை மீட்பார், நாகா மறுபடி செத்துக் கிடப்பாள். ஆனால் அவர் சதுப்பின் ஓரத்தில் இருந்த, ஆட்டத்தைச் சேமிக்கும் கல்லின் முன்னால் போய் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"டாக்டரு எந்தக் கெழமைன்னாரு?"

"எந்தச் செவ்வாக்கெழமைன்னாலும் வாங்கன்னாரு" என்றார் நாகவல்லி, மொச்சையிலிருந்து நிமிராமல்.

பழையதை அழித்து அதன்மேலேயே பதியவா, பிறகு திரும்பப் பெற முடியாதே என்று திரை எச்சரித்தது. வேம்புலி கட்டைவிரலைக் கைலியில் துடைத்துக்கொண்டு 'யெஸ்' என்பதை அழுத்தினார்.