அபெனா கிழிக்காத காகிதம்

இங்கிலாந்தின் பாத் நகரத்தில் என் கை படாத பெரிய தலை கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைதான், ஆனால் உண்மை. மேற்கிந்தியத் தீவான ஆன்டிகுவாவின் கரும்புத் தோட்டத்தில் அடிமை வயிற்றில் பிறந்தேன். ஒன்பது வயதில் கழுத்தில் வெள்ளிப் பட்டை மாட்டி, ஒரு கிழவருக்குத் தட்டு ஏந்த இங்கே கொண்டுவந்தார்கள். கிழவர் சாகும்போது உயில் எழுதி என்னை விடுவித்தார். பிறகு ஒரு பிரெஞ்சுக்காரனிடம் முடியலங்காரம் கற்று, அவனுடைய வாடிக்கையையே இழுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. கடைப் பலகைகளைப் பார்த்து எழுத்துக் கூட்டியவன் நான். இன்றைக்கு 'டைட்டஸ் ஃபெரல்' என்று எனக்கே ஒரு பலகை தொங்குகிறது.

என் வாயால் சாதிக்க முடியாதது எதுவும் இல்லை என்று அப்போது நினைத்திருந்தேன். அதை நம்பித்தான் அபெனா காத்திருந்தாள்.

அபெனா செல்காம்ப் அம்மாளின் பணிப்பெண். அந்த வீட்டில் அவளுக்கு ஃப்ளோரா என்று பெயர். அவளும் ஆன்டிகுவாக்காரிதான், செல்காம்ப் துரையின் தோட்டத்தில் பிறந்தவள். இருபத்தாறு வயது இருக்கும். நல்ல உயரம். சின்ன வயதில் கரும்புக் கட்டு சுமந்ததால் இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். யார் நடந்தாலும் அதே மாதிரி நடந்து காட்டுவாள். நான் சீப்பைத் தூக்கிப் பிடிக்கிற தோரணையை அவள் நடித்துக் காட்டினால் சமையற்காரி அடுப்பை மறந்து சிரிப்பாள். எஜமானி மிச்சம் வைக்கும் சாக்லேட்டைப் பின்படிக்கட்டில் உட்கார்ந்து ஆற அமரக் குடிப்பாள். அவள் சொந்தமாக உட்காரும் நேரம் அது ஒன்றுதான்.

அந்தக் காலத்துக் கொண்டை ஒன்றரை முழம் உயரம். உள்ளே குதிரைமயிர்த் திண்டு வைத்து, கொழுப்புக் களிம்பு பூசி, மாவுப்பொடி தூவி முடிக்க மூன்று மணி நேரம் ஆகும். அந்த மூன்று மணி நேரமும் செல்காம்ப் அம்மாள் தான் எழுதும் நாவலை உரக்கப் படிப்பார். நான் பின்னால் நிற்பேன், அபெனா பக்கத்தில் ஊசித் தட்டோடு நிற்பாள். செராஃபினா என்று ஒரு வெள்ளைக்காரப் பெண். அவளை ஒரு பிரபு துரத்துகிறான், அவள் மானத்தோடு தப்புகிறாள். மூன்று பாகமும் இதுதான். அவளுக்குத் துணையாக செலிமா என்று ஒரு அடிமைப்பெண். செலிமா கறுப்புதான், ஆனால் அவ்வளவு கறுப்பில்லையாம். மூக்கு கூராக இருக்குமாம், கூந்தல் இடுப்பைத் தொடுமாம்.

"அந்த மூக்கு எங்க ஊர்ல கிடையாதே மேடம்" என்றேன் ஒருநாள்.

"படிக்கிறவங்க அழ வேண்டாமா டைட்டஸ்?" என்றார் அம்மாள்.

அன்றைக்குப் பின்படிக்கட்டில் அபெனா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"பிரபு கையத் தொட்டான்னு அந்தப் பொண்ணு நாப்பது பக்கம் மயங்கிக் கெடக்காளே, அண்ணே! அவ மானத்துக்கு மூணு பாகம். எனக்கு அரைப் பக்கமாவது வருமா?"

"செலிமாதான் நீ. வர்றாளே."

"அவளுக்கு எதுவுமே நடக்க மாட்டேங்குதே. எஜமானிக்கு முக்காடு எடுத்துக் குடுக்குறா, அழுவுறா. அவ்வளவுதான்."

அவளுக்கு நடந்தது எனக்குத் தெரியும். தோட்டத்து மேனேஜர் கட்லர் அவளைப் பதினாறு வயதிலிருந்து தன் வீட்டில் வைத்திருந்தான். எஜமானி இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது துணிக்கு இஸ்திரி போடத் தெரிந்தவள் வேண்டும் என்றார். அபெனா இரண்டே நாளில் இஸ்திரி கற்றுக்கொண்டு தப்பி வந்தாள். இப்போது நான்கு வருடம் ஆகிவிட்டது. வசந்தம் பிறந்ததும் குடும்பத்தோடு தீவுக்குத் திரும்புவதென்று துரை முடிவு செய்திருந்தார். கட்லர் இன்னும் அங்கேதான் இருந்தான்.

ஞானஸ்நானம் வாங்கினால் அடிமைத்தனம் கழுவிப்போகும் என்று எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அப்போது நம்பினோம். அதையும் அவள் முயன்று பார்த்திருந்தாள். எஜமானி கைப்பட எழுதிய அனுமதி வேண்டும் என்று பாதிரியார் திருப்பி அனுப்பிவிட்டார்.

"ஒரே ஒரு மாசம், அண்ணே. உங்க கடை மாடியில ஒரு மூலை குடுங்க. கப்பல் போனதும் இறங்கி வந்துர்றேன். கொண்டைக்குள்ள வைக்கிற திண்டு மாதிரி கெடப்பேன், மூச்சுச் சத்தம்கூட வராது."

கொடுத்திருக்கலாம். மாடியில் இடம் இருந்தது. ஆனால் கடையில் தினமும் இருபது சீமாட்டிகள் வந்துபோவார்கள். அந்தப் பலகையைத் தொங்கவிட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதைவிடப் பெரிய காரணம் என் கர்வம்.

"ஒளிஞ்சு ஓடுறதெல்லாம் திருட்டுப் பூனை வேலை. உன்ன முன்வாசல் வழியா வெளிய கொண்டு வர்றேன் பாரு. அந்த அம்மா தலை என் கையிலதான இருக்கு."

"தலை மேலதான கை வைக்கிறீங்க, பெரிய மனுஷா. உள்ள என்ன இருக்குன்னு பாத்திருக்கீங்களா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனாலும் நம்பினாள்.

அடுத்த முறை முடி சுருட்டும் இடுக்கியைச் சூடாக்கிக்கொண்டே பேச்சை ஆரம்பித்தேன். "மேடம், கடைசியில செலிமாவுக்கு என்ன பண்ணப் போறீங்க? செராஃபினா அவளுக்கு விடுதலைக் காகிதம் எழுதிக் குடுத்தா எப்படி இருக்கும்? கல்லும் கரைஞ்சிரும்."

அம்மாளின் தலை என் கைக்குள் அப்படியே நின்றுவிட்டது. "டைட்டஸ், உனக்கு இவ்வளவு மென்மையான மனசா!" என்று கைக்குட்டையை எடுத்தார். கண்ணாடியில் அபெனாவைப் பார்த்துக் கண்ணடித்தேன். காகிதத்தில் எழுதிவிட்டு வீட்டில் செய்யாமல் விட எந்த மனசுக்கு வரும்? என் கணக்கு அப்படி.

பத்து நாள் கழித்து அம்மாள் முடிவுரையைப் படித்தார். அன்று துரையும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். செராஃபினா விடுதலைக் காகிதத்தை நீட்டுகிறாள். செலிமா அதை முத்தமிடுகிறாள். பிறகு துண்டு துண்டாகக் கிழித்து எஜமானியின் காலடியில் போடுகிறாள். 'உங்களைப் பிரிந்து எனக்கு எதற்கு விடுதலை?' என்று காலைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். அத்துடன் நாவல் முடிகிறது.

படித்து முடித்த அம்மாள் கண்ணைத் துடைத்தார். "காகிதம் குடுக்குறது உன் யோசனை டைட்டஸ். கிழிக்கிறது ஃப்ளோராவப் பாத்து எனக்குத் தோணினது. இவ அதத்தான் பண்ணுவா. இல்லையாம்மா ஃப்ளோரா?"

ஊருக்கே பேசுகிறவன், இடுக்கியில் சுற்றிய முடி தீயும் வாசனை வரும்வரை நின்றேன்.

அபெனா ஊசித் தட்டை மேஜைமேல் வைத்தாள்.

"எனக்கு அந்தக் காகிதம் வேணும் மேடம். நான் கிழிக்க மாட்டேன்."

"என்ன சொல்ற?"

"எழுதிக் குடுங்க மேடம். பத்திரமா வச்சுக்குவேன். நான் தீவுக்கு வரல. அங்க கட்லர் இருக்கான்."

அம்மாள் என்னைப் பார்த்தார், துரையைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை. முகம் முழுக்கக் கவலை. "பாவம், இவளுக்கு உடம்பு சரியில்லை. கப்பல் பயணத்த நெனச்சு நரம்பு தளர்ந்துருச்சு."

"அவளுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல மேடம். போக இஷ்டமில்ல, அவ்வளவுதான்" என்றேன். ஒருவழியாக வாய் வந்துவிட்டது.

துரை செய்தித்தாளை மடித்தார். "சீப்புக்கு வாய் மொளச்சிருச்சா? வேலை முடிஞ்சா கிளம்பு."

ஒரு பக்கச் சுருள் அரைகுறையாக நின்றது. இத்தனை வருடத்தில் நான் முடிக்காமல் விட்ட தலை அது ஒன்றுதான்.

அன்று பிற்பகலே ரத்தம் எடுக்கும் வைத்தியரை வரவழைத்தார்கள். நரம்புத் தளர்ச்சிக்கு அதுதான் மருந்து. கையிலிருந்து இரண்டு கிண்ணம். மறுநாள் இன்னும் இரண்டு. சமையற்காரிதான் வந்து சொன்னாள். "அம்மாவே பக்கத்துல உக்காந்து அவ நெத்தியத் தடவுறாங்க டைட்டஸ். என்னத்தச் சொல்ல? தள்ளிக்கிட்டு ஓடவாவது தெம்பு இருந்துச்சு, அதையும் கிண்ணத்துல புடிச்சுட்டாங்க." கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தார்களாம். என் கடை மாடியில் ஒரு மூலையைக் கூட்டித் துடைத்து வைத்துவிட்டு, அந்த வீட்டுப் பின்படிக்கட்டு வழியாக நான்கு முறை போனேன். நான்கு முறையும் பின்வாசல் காவலாளி என்னைத் திருப்பி அனுப்பினான்.

நீதிபதி ஒருவர் என் வாடிக்கையாளர். அவருடைய பொய்முடிக்கு மாவு தூவிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "டைட்டஸ், உனக்கு வேலை என் தலைக்கு வெளியில. சட்டம் இருக்கறது உள்ள. அடுத்தவங்க வீட்டு உடைமை விஷயத்துல நான் தலையிட முடியாது" என்றார். சொல்லிவிட்டு, காதோரம் இன்னும் கொஞ்சம் தூவச் சொன்னார்.

ஐந்தாம் நாள் காலையில் அவளைக் கம்பளியில் சுற்றி வண்டியில் ஏற்றினார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. வேலைக்காரிக்கு இவ்வளவு கவனிப்பா என்று எல்லோருக்கும் ஆச்சரியம். நான் எதிர்ச் சாரியில் நின்றேன். அவளால் தலையைத் தூக்க முடியவில்லை. என்னைப் பார்த்தாளா என்று தெரியாது. பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். வலது கையை மட்டும் கம்பளியிலிருந்து எடுத்து, நான் சீப்பைத் தூக்கிப் பிடிப்பதுபோல் இரண்டு விரலை உயர்த்தினாள். நடித்துக் காட்டினாளா, கூப்பிட்டாளா, இதுவரை எனக்குப் புரியவில்லை.

பின்னாலேயே பிரிஸ்டல் துறைமுகத்துக்குப் போனேன். காற்று இல்லாமல் கப்பல் ஆற்றுமுகத்தில் மூன்று நாள் நின்றது. மூன்று நாளும் கரையில் நின்று அதையே பார்த்தேன். என்னைக் கொண்டுபோக எந்தப் படகுக்காரனும் சம்மதிக்கவில்லை. "உன்னையும் சேத்து மேல இழுத்துப் போட்டுக்குவாங்க, கறுப்பண்ணே" என்று ஒருவன் நல்ல மனதோடு சொன்னான். அவன் சொன்னது சரிதான். எனக்குப் பயம் வந்துவிட்டது. நான்காம் நாள் காற்று அடித்தது.

பிறகு தீவிலிருந்து வந்த மாலுமிகளிடமெல்லாம் விசாரித்தேன். கட்லர் வீட்டில் மறுபடி சேர்த்துவிட்டதாக ஒருவன் சொன்னான். இரண்டாம் மழைக்காலத்துக்குள் செத்துப்போனாள் என்றான் இன்னொருவன். உயிரோடு வயலில் பார்த்தேன் என்று மூன்றாமவன் சத்தியம் செய்தான். மூன்று பேருமே நான் வாங்கிக் கொடுத்த பீரைக் குடித்துக்கொண்டுதான் சொன்னார்கள்.

நாவல் அடுத்த வருடமே அச்சாகி வந்தது. வாடகை நூலகத்தில் அதற்குப் போட்டி. என் நாற்காலியிலேயே உட்கார்ந்து எத்தனையோ பேர் அந்தக் கடைசிப் பக்கத்தைப் படித்து அழுதார்கள். கண்ணீர் வழிந்தால் மாவுப்பொடி கோடு கோடாக இறங்கிவிடும், மறுபடி முதலிலிருந்து பூச வேண்டும்.

"நெசமாவே இப்படி ஒருத்தி இருந்தாளா டைட்டஸ்?" என்று கேட்பார்கள்.

"இருந்தா மேடம். பேரு அபெனா. அவ கிழிக்கல. காகிதம் வேணும்னு கேட்டா, குடுக்கல."

இருபது வருடமாகக் கேட்கிற ஒவ்வொரு தலைக்கும் இதையே சொல்கிறேன். கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்ப்பார்கள். அப்புறம் பக்கத்தைப் புரட்டி, விட்ட இடத்திலிருந்து அழுவார்கள்.